பேக்கரியில் கேட்ட ஜப்பான் நாடகம்

என் இடது காது ஓய்வு கேட்டுவிட்டது. வலது காது ஒப்புக்கு வேலை செய்கிறது. ஒலி நாடகத்தில் ஒருத்தி இடப்பக்கம் நின்று பெருமூச்சு விடுவாள், இன்னொருத்தி வலப்பக்கம் நின்று பதில் சொல்வாள். பாதிக் காதலை மட்டும் கேட்டுவிட்டு முழு விமர்சனம் எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் நம் விமர்சனத் தளத்தைவிட்டு விலகுகிறேன். மனஸ்தாபம் ஒன்றும் கிடையாது. குழுவில் உலவும் வதந்தியை நம்பி எனக்கு ஆறுதல் செய்தி அனுப்பியவர்கள், தயவுசெய்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்டதெல்லாம் வேலை நுணுக்கம். பக்கங்களை வலமிருந்து இடமாகப் படிப்பது, குரல் நடிகைகளின் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது, பார்சல் சுங்கத்தில் மாட்டிக்கொண்டால் யாரிடம் கெஞ்சுவது. இதெல்லாம் தன்னால் வரும். வராவிட்டால் நாலு திட்டு வாங்கினால் வரும். நான் சொல்ல நினைப்பது ஒரே ஒரு சனிக்கிழமையைப் பற்றி. அதைச் சொல்லாமல் போனால் எனக்குச் சோறு இறங்காது.

முதலில் எங்கள் காலத்துக் கதை கொஞ்சம். பெண்ணும் பெண்ணும் காதலிக்கிற ஜப்பான் காமிக்ஸுக்கும் ஒலி நாடகங்களுக்கும் தமிழில் ஒரு விமர்சனத் தளம், அதுவும் கோயமுத்தூரிலிருந்து! கேட்டவர்களெல்லாம் சிரித்தார்கள். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடி அறை, ஒரு பழைய கம்ப்யூட்டர், ஆசிரியர், நான். அவ்வளவுதான் அலுவலகம். பகலில் நான் ஒரு மோட்டார் கம்பெனியில் ஜப்பான் மெஷின்களின் விளக்கக் குறிப்புகளை மொழிபெயர்ப்பேன். “எண்ணெய் அளவைச் சரிபார்க்கவும்” என்று நாள் முழுக்க எழுதிவிட்டு, சாயங்காலம் மாடி ஏறி, பள்ளிச் சீருடை போட்ட இரண்டு பெண்கள் மழைக்கு ஒதுங்கி ஒரே குடையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பக்கத்தைத் திறப்பேன். அப்பாடா என்று இருக்கும். இப்போது நினைத்தாலும் அந்த மாடிப்படியின் சுண்ணாம்பு வாசனையோடுதான் அந்தக் கதைகள் நினைவுக்கு வருகின்றன.

ஆசிரியர் என்னைவிட மூத்தவர், பெரிய கோபக்காரி. அவர் எனக்குப் போட்ட விதி ஒன்றே ஒன்று. முடிவைச் சொல்லாதே. ஒருமுறை நான் ஆர்வக்கோளாறில் கடைசி அத்தியாயத்தை லேசாகக் கோடி காட்டிவிட்டேன். கட்டுரையைத் தூக்கி என் மடியில் போட்டார். “கதை எழுதுனவ கடைசிப் பக்கத்துக்காக எத்தன நாள் ஒக்காந்திருப்பா? நீ ஒரு வரியில போட்டு ஒடச்சிருவியா? உனக்கு ஆரு அந்த உரிமை குடுத்தது?” அன்றிலிருந்து நான் விதி தவறியதில்லை. உலகம் முழுக்க நம் தொழிலில் இதுதான் மரியாதை.

ஆனால் எங்களுக்கு ஒரு விசித்திரம் உண்டு. எங்கள் வாசகிகள் பெரும்பாலும் அந்தக் காமிக்ஸைப் படித்ததே இல்லை. ஜப்பான் மொழி தெரியாது. ஆங்கிலத்தில் வருவதற்குள் வருஷங்கள் ஓடிவிடும், பாதி வரவே வராது. பீளமேட்டு ஹாஸ்டல் பெண்கள், மேட்டுப்பாளையத்து நர்ஸ், கோபியில் ஒரு டீச்சர் எல்லோரும் நாங்கள் எழுதியதை வைத்துத்தான் கதையைத் தெரிந்துகொண்டார்கள். “போன பாகத்துல கோவிச்சுக்கிட்டுப் போச்சே, அந்தப் புள்ள திரும்பி வந்துச்சுங்களா?” என்று பக்கத்து வீட்டுப் பெண்ணை விசாரிப்பதுபோல் விசாரிப்பார்கள். எங்கள் விமர்சனம்தான் அவர்களுக்குக் கதை. அப்படி இருக்க, முடிவைச் சொல்லாவிட்டால் அவர்களுக்கு முடிவே கிடையாது. இது எனக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை.

உறைத்தது சுகன்யாவால்தான். தாராபுரத்துப் பெண், இங்கே ஒரு துணிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பள்ளி ஒலிபரப்பு மன்றத்தில் மைக் பிடிக்கும் ஒருத்தியையும் அவளுக்கு எழுதிக்கொடுக்கும் இன்னொருத்தியையும் பற்றிய ஒரு தொடரை நாங்கள் பாகம் பாகமாக விமர்சித்துவந்தோம். ஒவ்வொரு விமர்சனத்துக்கும் கீழே முதல் ஆளாக அவள் வந்து எழுதுவாள். காமிக்ஸ், பள்ளி முடித்ததும் ஒருத்தி வீட்டார் பேச்சைக் கேட்டு ஊரைவிட்டுப் போக, இருவரும் பிரியும் இடத்தோடு நின்றுவிட்டது. பல வருஷம் கழித்து அவர்களுக்கு என்ன ஆனது என்பதைக் கடைசிப் பாகத்தின் சிறப்புப் பதிப்போடு ஒரு ஒலி நாடகமாகக் கொடுத்திருந்தார்கள். அந்தக் குறுந்தட்டு பார்சலில் என் கைக்கு வந்தது. வந்ததை நான் பெருமையாக எங்கள் தளத்தில் பீற்றிக்கொண்டேன்.

மறுநாளே சுகன்யாவின் செய்தி. “அக்கா, கடைசில ரெண்டு பேரும் சேந்தாங்களா? ப்ளீஸ்.” விமர்சனம் வரும், பொறுத்திருங்கள் என்றேன். மறுபடி கேட்டாள். விதியைச் சொன்னேன். மறுபடி கேட்டாள். நான் பதில் போடவில்லை. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், உங்களுக்குத் தெரியும்.

சனிக்கிழமை மதியம் கம்பெனிக்குக் கீழே இருக்கும் பேக்கரியில் தேங்காய் பன்னும் டீயுமாக உட்கார்ந்திருந்தேன். அந்த பேக்கரியைப் பற்றி நானே ஒரு ஒலிப்பதிவில் வாயடித்திருக்கிறேன், அதனால் கண்டுபிடிப்பது சுலபம். இரண்டு பெண்கள் வந்து மேஜைக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

“ஏனுங்க்கா, நீங்கதானுங்களே விமர்சனம் எழுதறவங்க? நான் சுகன்யாங்க. கோவிச்சுக்காதீங்க, கேக்காம கொள்ளாம வந்துபோட்டோம்.”

கூட வந்தவளைக் காட்டி, “இது ஸ்டெல்லாங்க. ஹாஸ்டல்ல என்ற ரூம்மேட்டு,” என்றாள். ஸ்டெல்லா வால்பாறை எஸ்டேட்டுப் பெண். நெடுநெடுவென்று உயரம், சிரிக்காத முகம். எனக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“முடிவு தெரியணும், அதுக்குத்தான வந்தீங்க? சொல்ல முடியாதும்மா. டீ குடிச்சிட்டுக் கெளம்புங்க,” என்றேன்.

“நாளைக்கு எங்கூட்டுல எனக்குப் பூ வெக்க வர்றாங்க்கா,” என்றாள் சுகன்யா.

பூ வைத்துவிட்டால் எங்கள் பக்கம் அது பாதிக் கல்யாணம். மாப்பிள்ளை பல்லடம் பக்கம், கோழிப்பண்ணை, நல்ல குடும்பம், நல்ல குணம். அவளே சொன்னாள். சொல்லும்போது அவள் கை மேஜைக்கு அடியில் போனதையும், ஸ்டெல்லா தன் கையை எடுத்து மேலே வைத்துக்கொண்டதையும் பார்த்தேன். புரிந்துவிட்டது. இத்தனை வருஷம் இந்தக் கதைகளைப் படித்தவளுக்கு அதுகூடவா புரியாது?

புரிந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. “ஏம்மா, கிறுக்கா உனக்கு? ஜப்பான்ல எவளோ எழுதுன கதையக் கேட்டு உன் கல்யாணத்தை முடிவு பண்ணுவியா? நாளைக்கு என்னைத்தான திட்டுவ?”

“அதத்தான் அக்கா நானும் சொன்னேன்,” என்றாள் ஸ்டெல்லா. அவள் பேசிய முதல் பேச்சு. “இதெல்லாம் கதை. நீங்க சொல்லாதீங்க. அவ ஊருக்குப் போகட்டும். நல்ல மாப்பிள்ளை. நான் மலைக்குப் போயிருவேன், அங்க ஸ்கூல்ல வேலை இருக்கு. நான் சமாளிச்சுக்குவேன். நூறு தடவை சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்கறா.”

சுகன்யா அவளைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“கதையக் கேட்டு முடிவு பண்றதுக்கில்லீங்க்கா. எங்க சித்தி பொண்ணுக்குக் கல்யாணம் பேசுனப்ப அவ ஊரு பூராக் கேட்டா. மாமியாரு எப்படி, கூட்டுக்குடும்பம் எப்படின்னு கேக்கறதுக்கு அவளுக்கு ஆளிருந்துச்சு. எனக்கு ஆருங்க இருக்கா? என்னாட்டம் ஒருத்தி இந்த மாதிரி கட்டிக்கிட்டுப் போனா என்ன ஆவான்னு நான் ஆரப் போயிக் கேக்கறதுங்க? எனக்குத் தெரிஞ்சு அந்தப் பொண்ணு ஒருத்திதானுங்க்கா. அவ என்ன பண்ணுனா, எப்படி இருக்கான்னு தெரியோணும். அவ்வளவுதானுங்க.”

பிள்ளைகளே, நான் எத்தனையோ விருது நாடகங்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். ஒரு கதாபாத்திரத்தை அப்படி உயிருள்ள மனுஷியாக நம்பி, அவளிடம் யோசனை கேட்டு வந்த ஒருத்தியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. என் முன்னால் மூன்று வழி இருந்தது. விதியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போகலாம். உண்மையைச் சொல்லலாம். இல்லையென்றால் பொய் சொல்லலாம்.

பொய் எவ்வளவு சுலபம் தெரியுமா? அவர்களுக்கு மொழி தெரியாது, தட்டு ஊரிலேயே என்னிடம்தான் இருந்தது. சேர்ந்துவிட்டார்கள், கடலோரத்தில் வீடு, ஒரு பூனை என்று நான் அளந்தால் யார் கேட்பது? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஏனென்றால் உண்மையான முடிவு நல்ல முடிவு இல்லை. ஆனால் அவள் கேட்டது ஆறுதல் இல்லையே. போனவள் ஒருத்தியைப் பற்றிய சாட்சியத்தைக் கேட்டாள். சாட்சி சொல்ல வந்தவள் பொய் சொல்லலாமா? அவள் நாளை எடுக்கப்போகும் முடிவு எதுவானாலும் அதற்குக் கீழே என் பொய் கிடக்கக் கூடாது என்று தோன்றியது. நாளைக்கு உங்களிடமும் இப்படி யாராவது வருவார்கள். அப்போது இரக்கப்பட்டுக் கதையை மாற்றாதீர்கள். அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

போனை எடுத்தேன். நாடகத்தை அதில் ஏற்றிவைத்திருந்தேன். இயர்போனின் ஒரு பக்கத்தைச் சுகன்யாவிடமும் மறுபக்கத்தை ஸ்டெல்லாவிடமும் கொடுத்தேன். “எனக்கெதுக்கு?” என்றாள் ஸ்டெல்லா. “கதைதான, கேளு,” என்றேன். எனக்குக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. விமர்சனத்துக்காகத் திரும்பத் திரும்பக் கேட்டதில், திரையில் ஓடும் நொடியைப் பார்த்தாலே என்ன ஒலிக்கிறது என்று சொல்லிவிடுவேன். கடைசிப் பகுதியைப் போட்டேன்.

அந்தப் பகுதியில் பேச்சு அதிகம் கிடையாது. ஒரு ரயில் நிலையம். கூட்டச் சத்தம். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல்.

“அறிவிப்பு சொல்றது அந்த மைக்குக்காரப் பொண்ணு,” என்றேன். “இப்ப அவளுக்கு அதுதான் வேலை. ரயில் வருது, மஞ்சக் கோட்டுக்கு உள்ள நில்லுங்கன்னு சொல்றா.”

“நான் மனசுல நெனச்ச குரலு அப்படியே இருக்குதுங்க்கா,” என்றாள் சுகன்யா.

“இப்ப செருப்புச் சத்தம் கேக்குதா? அது மத்தவ. குடும்பத்தோட ஊருக்குப் போறா.”

“நின்னுருச்சுங்களே?”

“நின்னுட்டா. குரலைக் கேட்டுட்டா.”

மாஸ்டர் டீ ஆற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

“இப்ப குழந்தை, அம்மான்னு கூப்பிடுது. புருஷன், என்னன்னு கேக்கறான். அதட்டல் இல்ல, நல்ல மனுஷன்தான். ஒண்ணுமில்லைன்னு சொல்றா.” நான் திரையைப் பார்த்தேன். “இப்ப நடந்து போறா. கதவு மூடுது. ரயில் போயிருச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் அடுத்த ரயிலுக்கு அறிவிப்பு. அதோட முடிஞ்சுது.”

அந்தக் கடைசிப் பகுதியை நான் எத்தனையோ முறை கேட்டிருந்தேன். கேட்கிறவர்களின் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். சுகன்யாவின் முகத்தில் பயம் இருந்தது, நான் எதிர்பார்த்ததுதான். ஸ்டெல்லாவின் முகம்தான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. வந்ததிலிருந்து கல்லாக இருந்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். இயர்போனைக் காதிலிருந்து பிடுங்கினாள்.

“அந்த மைக்ல பேசற பொண்ணு... அவளுக்குத் தெரியவே தெரியாதா? இவ வந்து நின்னது?”

“தெரியாது.”

“கடைசி வரைக்குமா?”

“கடைசி வரைக்கும்.”

“சமாளிச்சுக்கிட்டு அங்கேயே நின்னு அறிவிப்பு குடுத்துட்டு இருப்பாளா?”

“ஆமா.”

ஸ்டெல்லா சுகன்யா பக்கம் திரும்பினாள். “சுகு, நான் சமாளிச்சுக்குவேன்னு சொன்னது சும்மா. என்னால முடியாது. மலையும் வேண்டாம், ஸ்கூலும் வேண்டாம். நீ போகாத. நாளைக்குப் போகாத.”

சுகன்யா ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதுகொண்டே ஸ்டெல்லாவின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். “இத நேத்துச் சொல்லித் தொலைக்கறதுக்கு என்னடி உனக்கு? மாசக்கணக்கா போ போன்னே சொல்லிட்டிருந்தியே! நீ என்னைய வேண்டாங்கறயாக்கும்னு நான் நெனச்சுப்போட்டேனே!”

அவள் எதற்காக முடிவைக் கேட்டு அலைந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. தன்னைப் போகாதே என்று சொல்ல இந்த உலகத்தில் ஒரு ஆள் வேண்டும், அதுதான் அவளுக்குத் தேவைப்பட்டது. ஸ்டெல்லா பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டு அதை மட்டும் சொல்லாமலே இருந்திருக்கிறாள்.

சுகன்யா மூக்கைத் துடைத்துக்கொண்டு அங்கேயே போனைப் போட்டாள். வெளியே போய்ப் பேசும்மா என்றேன், கேட்கவில்லை. “வெளிய போனா தைரியம் போயிருமுங்க்கா.”

“அப்பா, நாளைக்கு அவங்கள வர வேண்டாம்னு சொல்லிப்போடுங்க... இல்லீங்ப்பா, மாப்பிள்ள மேல ஒரு குத்தமுமில்ல... பையன் ஆரும் இல்லீங்க. நான் ஸ்டெல்லாகூட இருக்கறனுங்க... ஆமாங்க, அந்த ஸ்டெல்லாதான்... சிநேகிதத்துக்குச் சொல்லலீங்ப்பா. கட்டிக்கிட்டவங்களாட்டம்.”

பேக்கரியே திரும்பிப் பார்த்தது. அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இணைப்பு அறுந்தது. அவள் போனை மேஜையில் குப்புற வைத்தாள். ஸ்டெல்லா மாஸ்டரைப் பார்த்து, “அண்ணா, மூணு டீ. சக்கரை தூக்கலா,” என்றாள். எனக்கு அந்த நிமிஷத்தில் அவளை ரொம்பப் பிடித்துப்போனது.

அதற்கப்புறம் எல்லாம் சுபம் என்று சொல்லமாட்டேன். மாமன்கள் ஹாஸ்டல் வாசலில் வந்து கத்தினார்கள். ஹாஸ்டல்காரம்மா இருவரையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார். அப்பா பேச்சை நிறுத்தினார், அம்மா திருட்டுத்தனமாகப் போன் பண்ணி அழுதுவிட்டு வைத்துவிடுவார். நான் ஆசிரியரிடம் போய், விதியை மீறிவிட்டேன், முடிவைச் சொல்லிவிட்டேன் என்று நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “கட்டுரையில எழுதாத. நேர்ல வந்து கேட்டாச் சொல்லு,” என்றார். பிறகு, “அந்தப் புள்ளைகளுக்கு வீடு கெடச்சுதா இல்லியா?” என்று கேட்டார். சிங்காநல்லூரில் தனக்குத் தெரிந்த ஒரு வீட்டு மாடியை அவரே பேசிக் கொடுத்தார். அட்வான்ஸுக்காக அலைந்ததும் அவர்தான். அவர் இன்று இல்லை. இருந்திருந்தால் இந்தக் கட்டுரையையும் என் மடியில் தூக்கிப் போட்டிருப்பார்.

நாடகத்தின் விமர்சனத்தை எழுத எனக்கு ரொம்ப நாள் ஆனது. அருமையான நாடகம் என்றுதான் எழுதினேன், அது உண்மை. முடிவைச் சொல்லவில்லை. ஆனால் கடைசிப் பகுதியைத் தனியாகக் கேட்காதீர்கள், யாருக்காகக் கேட்கிறீர்களோ அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேளுங்கள் என்று எழுதினேன். அப்படிக் கேட்டவர்கள் எனக்கு எழுதியதையெல்லாம் இங்கே சொல்லமாட்டேன். அது அவரவர் வீட்டு விஷயம்.

சில வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுகன்யா சாப்பிடக் கூப்பிட்டாள். மாடிப்படி ஏறி உள்ளே போனால், வாசலை ஒட்டிப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெரியவர் வேட்டி சட்டையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு மூட்டைத் தேங்காய். எந்த நிமிஷமும் எழுந்து போய்விடுகிறவர்போல நாற்காலி நுனியில் இருந்தார். “எங்கப்பாங்க்கா. காத்தால வந்தாருங்க,” என்று சொல்லிவிட்டுச் சுகன்யா சமையலறைக்குள் ஓடிவிட்டாள். உள்ளே குழம்பில் உப்பு போட்டாயா இல்லையா என்று ஸ்டெல்லாவுக்கும் அவளுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது.

பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்கதானுங்களா, அந்த ஜப்பான் கதை சொன்ன அம்மணி?”

வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகிவிட்டேன். “ஆமாங்க,” என்றேன்.

“பாப்பா எல்லாஞ் சொல்லுச்சுங்க. அந்த ரயிலடில நின்னுச்சுன்னு.” கொஞ்ச நேரம் துண்டை மடித்தார், பிரித்தார். “அந்தப் புள்ளைக ரெண்டும் அப்புறமாச்சும் சேந்துச்சுங்களா?”

“இல்லீங்க. அத்தோட கதை முடிஞ்சுதுங்க.”

அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். உப்புச் சண்டை ஓய்ந்து, உள்ளே இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“அடக் கொடுமையே,” என்றார். “எழுதுன அந்தம்மாளுக்கு என்னங்க வந்துச்சு? சேத்து வெச்சிருக்கலாமுல்லீங்க?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “வெச்சிருக்கலாமுங்க,” என்றேன்.